வரி நோட்டில் பேர் இல்லாதவள்: டெல்டா ஊரில் சாமி கும்பிடாமல் இருக்க முடியுமா?

அரிசிலாற்றங்கரை:

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரிசிலாற்றுக்குத் தெற்கே ஒரு ஊர். பேர் வேண்டாம். சொன்னால் நான் யாரென்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். வயது 34, கல்யாணம் ஆகவில்லை. சாமி நம்பிக்கை கல்லூரி நாட்களிலேயே போய்விட்டது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும், சென்னை வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். அம்மா இல்லை. கூடப் பிறந்தவர்களும் இல்லை. அஞ்சு மா நிலம் குத்தகையில் இருக்கிறது.

சென்னையில் நான் சாமி கும்பிடாதது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. இங்கே நாள்காட்டியே கோயில்தான். பிரதோஷம், அமாவாசை, கிருத்திகை, ஆடி வெள்ளி. நெற்றி வெறுமனே இருந்தால் பால் ஊற்றுகிற அக்கா முதற்கொண்டு "உடம்பு சரியில்லையா பாப்பா?" என்று விசாரிப்பார். மார்கழியில் நாலரைக்கு ஸ்பீக்கர் ஆரம்பித்துவிடும். நான் இரவு இரண்டு மணி வரை அமெரிக்காக்காரர்களோடு பேசிவிட்டுப் படுப்பவள்.

சித்தி ஒரு நாள் திருமணஞ்சேரிக்கு அழைத்துப் போனார். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணசுந்தரருக்கு மாலை வாங்கிக் கொடுத்து, பூஜை ஆனபின் ஒன்றைத் திரும்ப வாங்கி வர வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக அதைக் கொண்டுபோய்ச் செலுத்த வேண்டும். என் மாலை பூஜை அலமாரியில் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் சருகாகிக் கிடக்கிறது. நார் மட்டும் அப்படியே இருக்கிறது. அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் அதை எடுத்து, கீழே துடைத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைக்கிறேன். தூக்கிப் போட்டால் அப்பா கேட்பார்.

இதெல்லாம் பழகிவிட்டது. இப்போது எழுத வைத்தது வேறு ஒன்று. மாரியம்மன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று குடும்பத் தலைவர் பேரில் வாங்கும் பணம், எழுத நாலு பேர் வந்தார்கள். நீளவாக்கில் கணக்கு நோட்டு, மூலையில் மஞ்சள், முதல் வரியில் பிள்ளையார் சுழி. வாசலிலேயே நின்று அப்பாவை விசாரித்தார்கள். "தலைக்கட்டு யார் பேருல போடறது?" என்றார் எழுதுகிறவர். "என் பேர்ல போடுங்க" என்றேன். யாரும் கோபப்படவில்லை, சிரித்தார்கள். "பொண்ணு பேர்ல எழுதற வழக்கம் இல்லியே பாப்பா, ஒங்க சித்தப்பா கணக்கோட சேர்த்துடறோம்." அப்பா பேர் மேல் ஒரு கோடு. அங்கிருந்து சித்தப்பா பேருக்கு ஒரு அம்புக்குறி. பணத்தை மட்டும் என்னிடம் வாங்கிக்கொண்டார்கள்.

சாமி இல்லை என்கிற எனக்கு அந்தக் கோடு இத்தனை நாளாக உறுத்துகிறது. கடவுள் உண்டா இல்லையா என்ற பேச்சு வேண்டாம். டெல்டாவில் என்னைப் போல இருக்கிறவர்கள், பொய்யும் சொல்லாமல் சண்டையும் போடாமல் ஊரில் எப்படிக் குடித்தனம் பண்ணுகிறீர்கள்? அதைச் சொல்லுங்கள்.

பட்டுக்கோட்டை_பையன்:

சாமி வேணாம், கோயில் வேணாம், கோயில் நோட்டுல மட்டும் பேரு வேணுமா? நல்லா இருக்கே கதை.

அரிசிலாற்றங்கரை:

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

சிங்கப்பூர்_சம்பா:

மார்கழி ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீங்க. இங்க அடுக்குமாடி பதினாலாவது மாடியில உக்காந்துக்கிட்டு அந்தச் சத்தத்துக்கு ஏங்குறவன் நான். திருவெம்பாவை, சூடான வெண்பொங்கல், கோலத்து மேல பூசணிப்பூ. நம்புறமோ இல்லியோ, அதெல்லாம் நம்ம மண்ணு.

அரிசிலாற்றங்கரை:

அண்ணே, வந்து ஒரு மார்கழி முழுக்க எங்கள் வீட்டு மாடியில் தங்குங்கள். ஸ்பீக்கர் எங்கள் வேப்பமரத்தில்தான் கட்டியிருக்கிறது.

கூத்தாநல்லூரான்:

எங்க பக்கமும் இதே தலைக்கட்டுதான் சகோ. ஜமாத் வரி. வாப்பா மௌத்தானா மூத்த மகன் பேருக்கு மாறும். மகன் துபாய்ல இருந்தாலும் சரி, பத்து வருஷமா ஊருக்கே வராட்டியும் சரி. வீட்டைக் கட்டி ஆளுறது உம்மாதான். அவங்க பேரு எந்த நோட்டுலயும் கிடையாது. வரி பாக்கி இருந்தா நிக்காஹ் எழுத ஜமாத்துல கடிதம் வாங்குறது கஷ்டம். அதனால நம்பிக்கை இருக்கோ இல்லியோ எல்லாரும் கட்டிடுவாங்க.

நான் நோன்பு வைக்கிறதில்ல. ரமலான்ல ஊர்ல மாட்டிக்கிட்டா டீ குடிக்க மன்னார்குடி வரைக்கும் வண்டிய ஓட்டுவேன். டீக்கடை அண்ணன் என்னைப் பாத்ததும் ஒண்ணும் கேக்காம உள்ள பெஞ்சைக் காட்டுவாரு. அங்க ஏற்கனவே எங்க ஊர் ஆளு ரெண்டு பேரு உக்காந்திருப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க மாட்டோம். சாயங்காலம் பள்ளியில நோன்புக் கஞ்சிக்கு மூணு பேரும் வரிசையில நிப்போம். பொய்தான், ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கஞ்சியை என்னால விட முடியாது.

கறுப்புச்சட்டை_திருவாரூர்:

தங்கச்சி, டெல்டான்னா கோயில் மட்டுந்தான்னு நீங்களே நெனச்சா எப்படி? ஆன்மிகச் சுற்றுலா பஸ்ஸுக்காரன் நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் காட்டிட்டுப் போயிடுவான். இந்தப் பூமி அதோட முடிஞ்சிடல. பண்ணையாள் முறைய எதிர்த்து செங்கொடி ஏறின மண்ணு இது. 1952ல பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்னு தஞ்சாவூருக்குன்னே தனியா கொண்டு வர வேண்டி வந்தது. எங்க வீட்டுல எனக்கும் எந்தம்பிங்களுக்கும் ஐயர் இல்லாமதான் கல்யாணம். 2022ல தருமபுரம் ஆதீனத்தைப் பல்லக்குல மனுஷன் தூக்கலாமான்னு கேள்வி கேட்டதும் எங்க ஆளுங்கதான். கோட்டாட்சியர் தடை போட்டாரு, அப்புறம் அரசாங்கம் விட்டுக்கொடுத்து ஊர்வலம் நடந்துச்சு. அது வேற கதை.

நான் நாப்பது வருஷமா கறுப்புச் சட்டை. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆழித்தேர் ஓடுற அன்னிக்கு வடத்தைத் தொட மாட்டேன். ஆனா வெயில்ல வர்ற சனத்துக்கு மோர்ப் பந்தல் போடுவேன். பந்தல்ல அய்யா படம் இருக்கும். குருக்களே வந்து மோர் வாங்கிக் குடிச்சிட்டு "என்ன இவ்வளவு பெருங்காயம்?"பாரு. எங்க தெரு கோயில் வரி நோட்டுல எம் பேரு இருக்கு. வருஷா வருஷம் கட்டுவேன், ஊர்க் காரியம்னு. பயப்படாம நெஞ்சை நிமிர்த்தி இருங்க. ஊரு மதிக்கும்.

அரிசிலாற்றங்கரை:

ஐயா, ஒன்று கேட்கட்டுமா? உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு யார் ஏற்றுவது?

கறுப்புச்சட்டை_திருவாரூர்:

வீட்டம்மாதான். நான் தடுத்ததே இல்ல. அது அவங்க சுதந்திரம்.

அரிசிலாற்றங்கரை:

அவர்கள் ஏற்ற மாட்டேன் என்று சொல்லியிருந்தால்?

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரிலும் உங்களைப் போல மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் கட்சிக்காரர், ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், இன்னொருவர் சும்மா வம்புக்கு. அவர்களைப் பற்றி ஊருக்குக் கவலையே இல்லை, கேலியோடு சரி. ஏனென்றால் அவர்கள் வீட்டு வாசலில் கோலம் இருக்கிறது, ஆடியில் கூழ் போகிறது, மாவிளக்கு போகிறது. அத்தையோ மருமகளோ யாரோ அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். ஐயா சாமி இல்லை என்று சொல்லலாம், வீடு சொல்லக் கூடாது. என் வீட்டில் நான் ஒருத்திதான். நான் ஏற்றாவிட்டால் ஏற்ற ஆளில்லை. அந்த இருட்டு தெருவுக்கே தெரியும்.

கறுப்புச்சட்டை_திருவாரூர்:

எங்க அம்மா இருந்த வரைக்கும் அந்தப் பேச்சுக்கே எடமில்லதான். கேள்வி சரியான கேள்வி. யோசிக்கிறேன்.

கோர்ட்டு_கேண்டீன்:

இழையை மேலோட்டமாகப் பார்த்தேன். காதல் கல்யாண விஷயம் போலத் தெரிகிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவை 1967இல் தமிழ்நாடு சேர்த்தது. உறவினர், நண்பர், யாராவது முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். புரோகிதர் தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவித்துச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் இது. வேற்று மதம் என்றால் 1954ஆம் வருடச் சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், சொந்தக்காரர்கள் வந்து நிற்பது அந்த 30 நாளில்தான். எப்படியானாலும் பதிவு செய்துவிடுங்கள்.

அரிசிலாற்றங்கரை:

சார், எனக்கு மாப்பிள்ளையே இல்லை. ஆனாலும் நன்றி, யாருக்காவது உதவும்.

கோர்ட்டு_கேண்டீன்:

மன்னிக்கவும், இங்கே வருகிற பத்துக் கேள்வியில் ஒன்பது அதுதான். வரி விஷயத்துக்கு வருகிறேன். தலைக்கட்டு வரிக்குச் சட்டத்தில் இடம் கிடையாது. அது நன்கொடைதான். கட்டவில்லை என்று ஊரை விட்டு ஒதுக்கினால் புகார் கொடுக்கலாம். உங்கள் சிக்கல் நேர்எதிராக இருக்கிறது. "என்னிடம் வரி வாங்கு" என்று கேட்க எந்தப் பிரிவு இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே டீ ஆறிவிட்டது.

நெறியாளர்:

கடவுள் மறுப்பு சரியா தவறா என்று போன பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். பட்டுக்கோட்டை_பையன், அங்கே தொடருங்கள்.

வண்டல்:

நாகப்பட்டினம் பக்கம், தெற்குத் தெரு. இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்ல.

அக்கா, ஒங்க அப்பா பேருக்கு மேல கோடு போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க தெருவுக்கு அந்த நோட்டே வராது. சின்ன வயசுல எங்க தாத்தாகிட்ட கேட்டிருக்கேன், நம்மகிட்ட ஏன் வரி வாங்க மாட்டேங்கறாங்க, நாம ஏழைன்னா? தாத்தா சிரிச்சாரு. "வாங்கிட்டா நீயும் ஒரு தலைக்கட்டு ஆயிடுவடா. அப்புறம் தேரு ஒந்தெருவுக்கு ஏன் வரலன்னு கேப்ப, மண்டகப்படி கேப்ப." பறை அடிக்க மட்டும் ஆள் அனுப்பணும், அதுக்குக் கூலி குடுத்துருவாங்க. கூலி குடுத்தாச்சுன்னா பங்கு இல்ல.

ஒரு வருஷம் எங்க பசங்க திருப்பூர்ல வேலை பாத்த காசைத் திரட்டி வரி குடுக்கப் போனாங்க. "எதுக்குப்பா, நீங்களே கஷ்டப்படுறீங்க"ன்னு அவ்வளவு அன்பாச் சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த அன்பைத்தான் எங்களால மன்னிக்க முடியல. அந்தக் காசுல கிரிக்கெட் டோர்னமெண்ட் வெச்சோம்.

இத்தனைக்கும் எங்க பெரியம்மா மாதிரி பக்தி உள்ள ஆளை நான் பாத்ததில்ல. வைத்தீஸ்வரன்கோயில் பக்கத்துல திருப்புன்கூர் இருக்கே, அங்க நந்தி கொஞ்சம் விலகித்தான் இருக்கும், நந்தனாருக்காக. பெரியம்மா அதைக் காட்டுறதுக்குன்னே எங்களை எல்லாம் பஸ் ஏத்திக் கூட்டிட்டுப் போச்சு. "பாருடா, நமக்காக சாமியே மாட்டை நவுத்தியிருக்கு"ன்னு அழுதுச்சு. நான் கேட்டேன், மாட்டை நவுத்துனதுக்கு நந்தனாரை உள்ள கூப்பிட்டிருக்கலாமேன்னு. முதுகுல ஒரு அடி விழுந்துச்சு.

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரு குடிசைக்குள்ள 44 பேரை எரிச்சுக் கொன்னாங்க. கூலி கேட்டதுக்கு, சங்கம் வெச்சதுக்கு. வருஷா வருஷம் அங்க போறேன். கூட்டத்துல பாதிப் பேரு நெத்தியில திருநீறு. எங்க சனத்துக்கு சாமியோட சண்டை இல்லக்கா, நோட்டு எழுதுற ஆளோடதான்.

ஒங்க கஷ்டத்தைச் சின்னதுன்னு சொல்ல வரல. ஆனா நோட்டுல எடம் கேக்கும்போது எங்க தெருவையும் நெனச்சுக்கங்க.

அரிசிலாற்றங்கரை:

தம்பி, எங்கள் ஊரிலும் தெற்குத் தெருவில் வரி வாங்குவதில்லை. எனக்குத் தெரிந்த விஷயம்தான். இதோடு சேர்த்து யோசித்ததில்லை.

கூத்தாநல்லூரான்:

வண்டல் பாய், கிரிக்கெட் டோர்னமெண்ட்ல யாரு ஜெயிச்சா?

வண்டல்:

நாங்க நடத்துன டோர்னமெண்ட்டுல நாங்க தோப்போமா பாய்?

மாயரத்தாள்:

ஆயி, நான் ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். வயசு 68. எனக்கு சாமி நம்பிக்கை ரொம்பவே உண்டு. விடிகாலையில எழுந்து குளிச்சு ரெண்டு பதிகம் பாடாம காப்பி குடிக்க மாட்டேன். அதனால நீ எழுதினதைப் படிச்சதும் முதல்ல கொஞ்சம் கோபம்தான் வந்தது. திருமணஞ்சேரி மாலையை ஜவுளிக்கடைப் பையில வெச்சிருக்கேன்னு எழுதியிருக்கியே, ஒரு மஞ்சத் துணியிலாவது சுத்தி வைக்கக் கூடாதா? நம்பறவங்க கொடுத்த பொருள் அது. ஒங்க சித்தி அன்னிக்கு எவ்வளவு வேண்டிக்கிட்டு அதைக் கையில வாங்கியிருப்பா.

சரி, அது கெடக்கட்டும். நோட்டு விஷயம். எங்க வீட்டுக்காரர் போய் ஆறேழு வருஷம் ஆச்சு. அவர் இருந்தப்ப அவர் பேரு. அவருக்குப் பிறகு பெங்களூருல இருக்கற பிள்ளை பேரு. அவன் திருவிழாவுக்கு வர்றதே இல்ல. இங்க மாவிளக்கு போடறது, பால்குடம் எடுக்கறது, பந்தல்காரனுக்குச் சாப்பாடு போடறது எல்லாம் நான். நம்பாத ஒனக்கும் எடமில்ல, நம்பற எனக்கும் எடமில்லன்னா அந்த நோட்டுக்கும் நம்பிக்கைக்கும் என்னடி சம்பந்தம்? இத்தனை வருஷம் எனக்கு அது தோணவே இல்ல பாரேன்.

இன்னொண்ணும் சொல்றேன். எனக்குத் தேவாரம் பண்ணோட பாட வரும். முறையாக் கத்துக்கிட்டேன். எங்க கோயில்ல ஒரு தடவை மைக் கேட்டதுக்கு "ஓதுவார் வருவார்"னாங்க. ஓதுவார் ஒரு காலத்துக்குத்தான் வருவார், மத்த நேரம் பாட்டு பென் டிரைவ்தான். 2021ல சென்னை மாடம்பாக்கத்துல ஒரு பொண்ணை ஓதுவாரா நியமிச்சாங்க. பேப்பர்ல படத்தைப் பாத்துட்டு வெட்டி பத்திரமா வெச்சிருக்கேன். அறுபத்து மூவர்ல பெண்கள் மூணு பேரு. அதுல இசைஞானியார் நம்ம திருவாரூர். அப்ப கூட எண்ணிக்கை அவ்வளவுதான்.

எங்க ஊருக்குப் பக்கத்துலதான் மூவலூர். ராமாமிர்தம் அம்மையார் பேரு கேள்விப்பட்டிருப்பே. பொண்ணுங்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடற வழக்கத்தை எதிர்த்து நின்னவங்க, சுயமரியாதை இயக்கத்துல இருந்தவங்க. 1938ல திருச்சியிலேருந்து சென்னைக்கு நடந்து போன இந்தி எதிர்ப்புப் படையில அவங்களும் உண்டு. அவங்க பேருல அரசாங்கம் என்ன திட்டம் வெச்சுது? கல்யாண உதவித் திட்டம். பின்னாடி தாலிக்குத் தங்கமும் அதுல சேர்ந்தது. 2022லதான் அதை மாத்தி, அரசுப் பள்ளியில படிச்சு காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1,000 ரூபாய்னு ஆக்கினாங்க. என் பள்ளிக்கூடத்துல எத்தனையோ பொண்ணுங்களுக்கு அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கேன். தாலிப் பாரத்துல அந்த அம்மா பேரை எழுதும்போதெல்லாம் சிரிப்பு வரும். நம்ம பக்கத்துல எதிர்த்து நின்ன பொம்பளையைக் கூட கடைசியில கல்யாணப் பந்தல்ல கொண்டாந்து நிறுத்திடுவாங்க.

கறுப்புச்சட்டை_திருவாரூர்:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். இதை எங்க கூட்டத்துல ஒருநாள் வந்து பேசணும் நீங்க.

மாயரத்தாள்:

வர்றேன். ஆரம்பத்துல ஒரு பதிகம் பாடுவேன், பரவாயில்லையா?

கறுப்புச்சட்டை_திருவாரூர்:

தமிழுக்குத் தடை இல்லம்மா.

பட்டுக்கோட்டை_பையன்:

நான் வேற இழைக்குப் போகல. ஒரே ஒரு விஷயம். எங்க ஊர்ல புருஷன் இல்லாத பொம்பளைங்க பேருல அரை வரி எழுதுவாங்க. கஜா புயலுக்கு அப்புறம், 2018லேருந்து, கோயில் ஓடு எல்லாம் பிச்சுக்கிட்டுப் போயி பணம் தேவைப்பட்டுச்சு, முழு வரியாவே வாங்கிட்டாங்க. இப்ப முழுத் தலைக்கட்டாத்தான் எழுதுறாங்க. யாரும் சட்டமெல்லாம் பேசல. தென்னை மொத்தமும் சாஞ்சு ஆம்பளைங்க வெளியூருக்குப் போயிட்டாங்க, ஊர்ல மிச்சம் இருந்தது அவங்கதான். கல்யாணம் ஆவாத பொண்ணு பேருல எழுதி நான் பாத்ததில்ல. ஆனா கேட்டா குடுப்பாங்களோ என்னவோ.

அரிசிலாற்றங்கரை:

இத்தனை பதிவில் உருப்படியான தகவல் உங்களிடமிருந்துதான் வந்தது தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று சித்தப்பாவிடம் பேசினேன். நல்ல மனிதர். "ஒனக்கு ஏம்மா இந்தத் தலைவலி, நான் பாத்துக்கறேன்ல" என்றார். எனக்கு வேண்டாதது அந்தப் "பாத்துக்கறேன்"தான் என்று எப்படிச் சொல்வது? அப்பாவிடமும் கேட்டேன். அவருக்குப் பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. "ஒம் பேரு… எழுத… சொல்லு" என்றார். அப்புறம் அலமாரிப் பக்கம் கையைக் காட்டி "வெளக்கு" என்றார். அன்றைக்கு ஏற்றினேன். அவருக்காக ஏற்றினேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. தினமும் ஏற்றுவேனா என்றால் மாட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் ஊர்க்கூட்டம். பெண்கள் யாரும் போவதில்லை. போகலாம் என்றிருக்கிறேன். போனால் என்ன பேச வேண்டும், என்ன பேசக் கூடாது?

வண்டல்:

சாமி நம்பிக்கை பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்கக்கா. அதைப் பேசினா நோட்டை மூடிட்டு அதையே பேசுவாங்க. முடிஞ்சா ஒண்ணு கேளுங்க: தெற்குத் தெருவுல ஏன் வாங்கறதில்லன்னு. பதில் வராது. ஆனா கேட்டது அங்க இருக்கிறவங்க காதுல விழும்.

கூத்தாநல்லூரான்:

ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டா ரெண்டும் நடக்காது. மொத வருஷம் ஒங்க பேரு. உள்ள போனதுக்கப்புறம் அடுத்தது.

வண்டல்:

எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க பாய். எங்க தாத்தா காலத்துலேருந்து சொல்றாங்க.

மாயரத்தாள்:

வண்டல் தம்பி சொல்றதுதான் சரி. ரெண்டையும் கேளு ஆயி. கெடைக்காதுன்னா ரெண்டும் கெடைக்காம போகட்டும். கூட்டத்துக்குப் போறப்ப தனியாப் போகாதே. ஒங்க தெருவுல என்னை மாதிரி ஒரு கெழவி இருப்பா, நல்லா சாமி கும்பிடற கெழவியாப் பாத்துக் கூட்டிட்டுப் போ. அவ எதிர்ல யாரும் ஒன்னைச் சாமி இல்லேங்கறவன்னு தட்டிக் கழிக்க முடியாது.

கறுப்புச்சட்டை_திருவாரூர்:

நான் எங்க ஊர் செக்ரட்டரிகிட்ட இன்னிக்குக் கேட்டேன், வீட்டம்மா பேரையும் சேர்த்து எழுதேன்னு. "நீங்களே சாமி கும்பிடாத ஆளு, ஒங்களுக்கு ஏன்யா இந்தக் கவலை?"ங்கறான். வீட்டம்மாகிட்ட சொன்னேன். "எழுதினா வரியையும் நானா கட்டணும்?"னு கேக்குறாங்க.

கோர்ட்டு_கேண்டீன்:

ரசீது கேளுங்கள். பணம் கட்டும்போது உங்கள் அப்பா பேரைப் போட்டு, பக்கத்தில் "வகையறா" என்று எழுதி முடிக்கப் பார்ப்பார்கள். அதற்குச் சம்மதித்துவிடாதீர்கள். உங்கள் பேர், அப்பா பேரின் முதலெழுத்தோடு, தனி வரிசை எண்ணில். ஏற்கனவே சித்தப்பா கணக்கில் வாங்கின தொகையை இதில் கழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இரண்டு தரம் கட்டியதாகிவிடும்.